அடமான நிலம்: மார்க்கமும் சட்டமும்

ஏரல் போன்ற தாமிரபரணிப் பாசன ஊர்களில் அவசரத் தேவை வந்தால் வயலோ வாழைத் தோட்டமோ அடமானத்துக்குப் போகிறது. கடன் நின்றுபோனால் வழக்கு வருகிறது. எனவே சில விவரங்களை நாம் அறிந்திருப்பது அவசியம்.

அடமானம் (ரஹ்ன்) மார்க்கத்தில் ஆகுமானதே. நபி (ஸல்) அவர்கள் தமது கவசத்தை ஒரு யூதரிடம் அடமானம் வைத்து உணவு வாங்கியதை புகாரியில் காண்கிறோம். ஆனால் ஒத்தி நிலத்தின் விளைச்சலைக் கடனில் கழிக்காமல் அனுபவிப்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் வட்டியாகவே கருதுகின்றனர்.

கடனை எழுதிச் சாட்சி வைக்குமாறு திருக்குர்ஆன் (2:282) கட்டளையிடுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் அடமானத்துக்குப் பதிவும் இரு சாட்சிகளும் கேட்கிறது. மூலப்பத்திரத்தை ஒப்படைத்துப் பெறும் கடனுக்கு மட்டும் இந்த நிபந்தனை இல்லை.

அடமானக் கடனை வசூலிக்க, கெடு முடிந்ததிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். நிலத்தை மீட்க 30 ஆண்டுகள் உண்டு. அனுபவ ஒத்தியில் இந்த 30 ஆண்டுகள் ஒத்தி எழுதிய நாளிலிருந்தே ஓடத் தொடங்காது என்று சிங் ராம் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன் கொடுத்தவர் பணத்தை வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் செலுத்தலாம்.

பெரிய ஆபத்து, அடமானத்தைக் கிரயமாக எழுதிக் கொடுப்பதே. திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லையென்றால் சட்டம் அதை அடமானமாக ஏற்காது. வாய்ச்சொல்லை நம்பிய குடும்பம் நிலத்தை இழக்கும்.

கடன் கொடுத்த சகோதரர்களே, சிரமப்படுபவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்பது இறைக்கட்டளை (2:280). நீதிமன்றம் செல்லுமுன் ஜமாஅத்தில் அமர்ந்து பேசுவோம். அல்லாஹ் நம் கடன்களை இலகுவாக்குவானாக!