அபுல் ஹவ்லின் முகமும் மக்களின் நாவும்

ஏட்டில் எழுதப்பட்டதை எழுத்தறிந்தோர் மட்டுமே படிப்பர். வெட்டவெளியில் நிற்கும் பெருஞ்சிலையையோ அவ்வழியே செல்வோர் அனைவரும் படிக்கின்றனர். மன்னனும் உழவனும், அறிஞனும் பாமரனும் ஆளுக்கொரு பொருள் கூறுகின்றனர். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளாக இவ்வாறு படிக்கப்பட்டு வரும் கல் ஏடு ஒன்று எகிப்தின் கீஸா மேட்டில் உண்டு. சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட அதனை உலகம் ‘ஸ்பிங்ஸ்’ என்று அறியும். அரபு மக்கள் ‘அபுல் ஹவ்ல்’ என்பர். ‘அச்சத்தின் தந்தை’ என்பது அதன் பொருள். அச்சிலையின் உடைந்த மூக்கைக் காட்டி ஒருவரையொருவர் பழிக்கும் கதைகள் பல இன்றும் உலவுகின்றன. ஆகவே, அதனைக் கண்ட முஸ்லிம் சமுதாயம் என்ன எண்ணியது, என்ன செய்தது என்பதை அரபு வரலாற்றாசிரியர்களின் வாயிலாகவே அறிந்துகொள்வது நம் கடமையாகிறது.

சிலை ஏறத்தாழ 73 மீட்டர் நீளமும் 20 மீட்டர் உயரமும் உடையது. அங்கேயே கிடந்த சுண்ணாம்புப் பாறையைச் செதுக்கி உருவாக்கியது. கீஸாவின் இரண்டாம் பிரமிடை எழுப்பிய காஃப்ரே மன்னனின் காலத்தது என்பது பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. பாலைக்காற்று ஓயாது மணலைக் கொணர்ந்து கொட்டும் பள்ளத்தில் அது அமைந்துள்ளது. எனவே தன் நெடிய வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழுத்தளவு மணலில் புதைந்தே அது கழித்திருக்கிறது.

கி.பி. 641-இல் அம்ருப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் தலைமையில் எகிப்து முஸ்லிம்கள் வசமாயிற்று. நபித்தோழர் பலர் அந்நாட்டில் தங்கினர். அவர்கள் அச்சின்னங்களின் மீது கை வைக்கவில்லை. ஹிஜ்ரி 649-இல் (கி.பி. 1251) மறைந்த அபூ ஜஅஃபர் அல்-இத்ரீஸீ இதனை ஒரு வாதமாகவே எடுத்து வைத்தார். பூகோள அறிஞரான இத்ரீஸீ வேறு, இவர் வேறு. இவர் பிரமிடுகளுக்கென்றே தனி நூல் எழுதியவர். தோழர்கள் அவற்றின் அருகில் வாழ்ந்தும் அவற்றை இடிக்க முற்படாதபோது, பின்வந்தோர் இடிக்க முனைவது எங்ஙனம் பொருந்தும் என்பது அவரது வாதத்தின் சாரம்.

பாமர மக்களின் எண்ணமோ வேறு வழியில் சென்றது. பாலைமணல் கீஸாவின் விளைநிலத்தை மூடாவண்ணம் காக்கும் தலிஸ்மாத் என்று அவர்கள் அபுல் ஹவ்லைக் கருதினர். நைலின் மறுகரையில், ஃபுஸ்தாத் நகரில் நின்ற மற்றொரு பழஞ்சிலையை அதன் காமக்கிழத்தி என்றும் கதை கட்டினர். ஹிஜ்ரி 711-இல் (கி.பி. 1311) அமீர் ஒருவர் புதையல் கிடைக்கும் என்னும் ஆசையால் அந்தச் சிலையை உடைப்பித்தார். புதையல் கிடைக்கவில்லை, கல் மட்டும் கட்டட வேலைக்குப் பயன்பட்டது என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதுகிறார். ஒரே கல்லை ஒருவர் காவல் என்றார்; மற்றொருவர் பொற்குவியல் என்றார். இருவரும் கல்லைப் பார்க்கவில்லை. தம் உள்ளத்தையே பார்த்தனர்.

கல்லைக் கல்லாகவே பார்த்த ஒருவரும் இருந்தார். பாக்தாதில் 1162-இல் பிறந்த மருத்துவப் பேரறிஞர் அப்துல் லத்தீஃப் அவர். எகிப்தைக் கண்டு அவர் எழுதிய ‘அல்-இஃபாதா வல்-இஃதிபார்’ என்னும் நூல் பஞ்சத்தையும் பயிரையும் பழஞ்சின்னங்களையும் ஒரே நிதானத்துடன் ஆராய்கிறது. எகிப்தில் உம்மைப் பெரிதும் வியக்க வைத்தது எது என்று அறிஞர் ஒருவர் வினவியபோது, அபுல் ஹவ்லின் முகத்தில் அமைந்த அளவுப் பொருத்தம் என்றே அவர் விடையிறுத்தார். குழந்தையின் மூக்கு குழந்தைக்கு அழகு. அதுவே வளர்ந்தவன் முகத்தில் அமைந்தால் விகாரம். இயற்கையில் எங்கும் காண இயலாத அத்துணைப் பெரிய முகத்தில் கண்ணும் மூக்கும் செவியும் ஒன்றுக்கொன்று இசையுமாறு சிற்பி எவ்வாறு செதுக்கினான் என்பதே அவரது வியப்பு. உடற்கூற்றை ஆராய்ந்த மருத்துவரின் கண் அது.

அவரே மற்றொரு செய்தியையும் பதிவு செய்தார். சுல்தான் ஸலாஹுத்தீனின் மைந்தர் அல்-மலிக்குல் அஸீஸ், ஹிஜ்ரி 593-இல் (கி.பி. 1196-97) பெரும் மூன்று பிரமிடுகளுள் சிறியதை இடிக்க ஆட்களை ஏவினார். எட்டு மாதம் உழைத்தும், நாளொன்றுக்கு ஓரிரு கற்களுக்கு மேல் பெயர்க்க முடியாமல் முயற்சி கைவிடப்பட்டது. அதன் வடு இன்றும் அப்பிரமிடின் வடபுறத்தில் தெரிகிறது. இதனைக் கண்டித்த அப்துல் லத்தீஃப், பழஞ்சின்னங்கள் காலக்கணக்கிற்கு ஆதாரமாவன, இறைமறை கூறும் முற்காலச் சமூகங்களுக்குச் சாட்சியாவன, பார்ப்போர்க்குப் படிப்பினையாவன என்று காரணங்களை வரிசைப்படுத்தினார்.

இனி, மூக்கின் கதைக்கு வருவோம். ஏறத்தாழ ஹிஜ்ரி 780-இல் (கி.பி. 1378), ஸஈதுஸ் ஸுஅதா கான்காஹைச் சேர்ந்த முஹம்மத் என்னும் ஸூஃபி அபுல் ஹவ்லின் முகத்தைச் சிதைத்தார் என்று மக்ரீஸீ எழுதுகிறார். எந்நாளும் நோன்பிருந்தமையால் அவரை ‘ஸாயிமுத் தஹ்ர்’ என்று அழைத்தனர். சுல்தான் பைபர்ஸ் கட்டிய பாலத்தை அணிசெய்த சிங்கச் சிற்பங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதனை நற்செயல் என்றே அவர் எண்ணினார். அவ்வட்டார மக்களோ அன்றுமுதல் மணல் தம் நிலத்தை மூடத் தொடங்கியதாகக் கூறி, சிதைந்த முகமே காரணம் என்றனர். மக்ரீஸீ கி.பி. 1364-இல் பிறந்தவர், ஆகவே இது அவர் வாழ்நாளில் நிகழ்ந்த செய்தி. மூக்கு உளியால் பெயர்க்கப்பட்ட தடயங்களைப் பிற்கால ஆய்வாளர் கண்டுள்ளனர். எனினும், அது எந்நூற்றாண்டில் நிகழ்ந்தது என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஆயினும் உலகில் பரவலாக வழங்கும் கதை யாது? 1798-இல் எகிப்தில் இறங்கிய நெப்போலியனின் பீரங்கிகள் அம்மூக்கை உடைத்தன என்பதே. நம்மவர் பலரும் இதனை விருப்பத்துடன் எடுத்துரைப்பர். நாடு பிடிக்க வந்தவன்மீது மேலும் ஒரு பழி ஏற்றுவது எளிதல்லவா? ஆனால் டென்மார்க் கடற்படை அதிகாரி நோர்டன் 1737-இல் வரைந்து, 1755-இல் அச்சில் வந்த படத்தில் அபுல் ஹவ்லுக்கு மூக்கு இல்லை. நெப்போலியன் பிறந்ததே 1769-இல்தான்!

இங்கேதான் நம் நேர்மை சோதிக்கப்படுகிறது. பகைவன் செய்யாத குற்றத்தை அவன்மீது சுமத்துவது நீதியன்று. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பது திருமறையின் கட்டளை. அதுபோன்றே, ஒரு ஸூஃபியின் செயலைக் காட்டி, பழஞ்சின்னங்களை அழிப்பதே முஸ்லிம்களின் இயல்பு என்று பேசுவோர்க்கும் வரலாறு இடந்தரவில்லை. அவர் செயலை மறைக்காது எழுதியவரும் முஸ்லிமே. அம்முகத்தின் அழகை உலகிற்கு உரைத்தவரும் முஸ்லிமே. சிலையை வணங்குவது வேறு. முன்னோர் விட்டுச்சென்றதைக் கண்டு சிந்திப்பது வேறு. முன்னதை மார்க்கம் விலக்கியது. பின்னதை, பூமியில் பயணம் செய்து முற்பட்டோரின் முடிவைப் பாருங்கள் என்று ஏவியது.

காலம் மாறியது. 1928-இல் சிற்பி மஹ்மூத் முக்தார், எழுந்து நிற்க முனையும் அபுல் ஹவ்லையும் அதனருகே முகத்திரையை விலக்கும் உழவர்குலப் பெண்ணையும் செதுக்கி, ‘நஹ்ளத் மிஸ்ர்’ என்னும் பெருஞ்சிலையைக் கெய்ரோ ரயில் நிலையச் சதுக்கத்தில் நிறுவினார். எகிப்தின் எழுச்சி என்பது அதன் பொருள். அதற்கு மக்களிடமிருந்தும் நன்கொடை திரட்டப்பட்டது. 1955-இல் அச்சிலை பல்கலைக்கழகத்தின் எதிரே பெயர்த்து வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் அச்சத்தின் தந்தை என அழைத்த மக்களே, பின்னர் அதில் தம் விடுதலை வேட்கையைக் கண்டனர்.

கல் பேசுவதில்லை, அதைப்பற்றி நாமே பேசுகிறோம். பேசுமுன் ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாயின், அப்துல் லத்தீஃபும் மக்ரீஸீயும் பட்ட உழைப்பு வீண்போகாது.