கட்டலீனா உளுவை வளர்ப்பு

கட்டலீனா உளுவை அல்லது நீலப்பட்டை உளுவை (அறிவியல் பெயர்: லித்ரிப்னஸ் டாலி) என்பது அமைதிப் பெருங்கடலின் கிழக்குக் கரையோரத்தில் வாழும் ஒரு சிறிய கடல்மீன் ஆகும். செம்மஞ்சள் உடலும் நீலப் பட்டைகளும் கொண்ட இது, வெப்பமண்டலப் பவளப்பாறை மீனைப் போலத் தோன்றினும் குளிர்ந்த நீருக்கு உரியது. இவ்வேறுபாட்டை அறியாமல் வெப்பநீர்த் தொட்டியில் விடப்படுவதே வளர்ப்பில் இம்மீன் விரைவில் இறப்பதற்கு முதன்மைக் காரணமாகும்.

பெயரும் பரவலும்

இவ்வினத்தை 1890 ஆம் ஆண்டில் அமெரிக்க மீனியலாளர் சார்லசு என்றி கில்பர்ட் விவரித்தார். இயற்கையியலாளர் வில்லியம் ஈலி டால் என்பவரின் நினைவாக இதற்குப் பெயரிடப்பட்டது. கலிபோர்னியாவின் மோரோ விரிகுடா முதல் கலிபோர்னியா வளைகுடா வரை இது காணப்படுகிறது. தெற்குக் கலிபோர்னியாவை ஒட்டிய சாந்தா கட்டலீனா தீவின் பெயராலேயே வணிகத்தில் அறியப்படுகிறது.

உடலமைப்பும் வாழ்வியலும்

இது ஏறத்தாழ 6 செ.மீ. வரை வளரும், பெரும்பாலான மீன்கள் இதனினும் சிறியவை. பாறை இடுக்குகளில் வாழும் இவை, ஆபத்து நேரும்போது கடல் முள்ளெலிகளின் நீண்ட முட்களுக்கிடையே ஒளிந்துகொள்ளும். சிறிய ஓட்டுடலிகளை உண்கின்றன. ஓர் ஆண் மீனும் சில பெண் மீன்களும் கூட்டமாக வாழும். ஆண் மீன் நீங்கினால், முதன்மையான பெண் மீன் ஆணாக மாறும். ஆண் பெண்ணாக மாறுவதும் அறியப்பட்டுள்ளது. வெற்றுச் சிப்பிகளிலும் இடுக்குகளிலும் இடப்படும் முட்டைகளை ஆண் மீனே காக்கிறது. இயற்கையிலும் இதன் வாழ்நாள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே.

வெப்பநிலையின் முக்கியத்துவம்

வெப்பமண்டலக் கடல்மீன் தொட்டிகள் பொதுவாக 24 முதல் 27 பாகை செல்சியசு வரை பேணப்படுகின்றன. கட்டலீனா உளுவைக்கு 15 முதல் 20 பாகை வரையிலான நீர் ஏற்றது. வெப்பநிலை உயரும்போது மீனின் வளர்சிதைமாற்றம் விரைவடைந்து, ஆக்சிசன் தேவை கூடுகிறது. அதே வேளையில் நீரில் கரையும் ஆக்சிசன் குறைகிறது. 15 பாகையில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிசனைக் கொள்ளும். 27 பாகையில் இது 6.6 மில்லிகிராம் அளவுக்குக் குறையும்.

வெப்பநீரில் விடப்பட்ட மீன் உடனே இறப்பதில்லை. தொடக்கத்தில் சுறுசுறுப்பாகவும் நன்கு உண்பதாகவும் தோன்றலாம். பின்னர் இறக்கும்போது, குறுகிய வாழ்நாள் கொண்ட மீன் என்பதால் முதுமையே காரணம் எனக் கருதப்பட்டுவிடுகிறது. இதனால் தவறு வெளிப்படாமலேயே மீண்டும் நிகழ்கிறது.

தொட்டி அமைப்பு

சிறு கூட்டம் ஒன்றுக்கு 40 முதல் 75 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி போதுமானது. நீரின் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025 வரை இருத்தல் நன்று. ஒவ்வொரு மீனுக்கும் தனி ஒளிவிடம் அமையுமாறு கற்களும் வெற்றுச் சிப்பிகளும் இடப்பட வேண்டும்.

அறை வெப்பநிலை உயர்ந்த இடங்களில் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுடன் கூடிய குளிர்விப்பான் இன்றியமையாதது. இக்கருவி நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறையில் வெளியேற்றுவதால், அதனைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். ஈரப்பதமான காற்றில் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறம் நீர்த்துளிகள் படியும். தடித்த அக்ரிலிக் தொட்டி இதனைக் குறைக்கும். மின் இணைப்புகளில் இந்நீர் சொட்டாதவாறு பார்த்துக்கொள்வது அவசியம். மின்தடையின்போது, நன்கு மூடிய புட்டிகளில் உறைந்த பனிக்கட்டியை மிதக்கவிட்டு வெப்பநிலை உயர்வைத் தாமதப்படுத்தலாம்.

குளிர்ந்த நீரில் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிரிகள் மெதுவாகவே பெருகும். எனவே புதிய தொட்டி பக்குவமடைய வெப்பநீர்த் தொட்டியைவிடக் கூடுதல் காலம் தேவைப்படும். அம்மோனியாவும் நைத்திரைட்டும் அளவிட இயலாத நிலையை அடைந்த பின்னரே மீன்களை விடலாம்.

உணவும் உடன்வாழ் உயிரினங்களும்

ஆர்ட்டீமியா, மைசிட் இறால், துடுப்புக்காலிகள் போன்றவற்றைச் சிறிய அளவில் பலமுறை அளிக்கலாம். பெரிய மீன்கள் இதனை இரையாக்கும். வெப்பமண்டலப் பவளங்கள் இந்நீரில் வாழா. எனவே தனியினத் தொட்டியே சிறந்தது. ஆண் மீன்கள் தம்முள் சண்டையிடும் ஆதலால், ஒளிவிடம் குறைந்த தொட்டியில் பல மீன்களை நெருக்கமாக வைத்தல் கூடாது.

இனப்பெருக்கமும் பாதுகாப்பும்

தொட்டியில் முட்டையிட்டாலும், மிதவை வாழ்க்கை நடத்தும் நுண்ணிய இளம் உயிரிகளை வீட்டில் வளர்த்தெடுப்பது கடினம். விற்பனைக்கு வரும் மீன்கள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவையே. ஆகவே குளிர்விப்பான் அமைக்க இயலாதவர்கள், வெப்பநீருக்கு ஏற்ற வேறு சிறு உளுவை இனங்களைத் தேர்ந்தெடுப்பதே முறையாகும்.