கடலடியில் இட்ட கம்பிகள்

1871-ஆம் ஆண்டில், ஆங்கிலக் கம்பெனியொன்று சென்னையினின்று பினாங்கு மார்க்கமாகச் சிங்கப்பூர் வரை கடலடியில் தந்திக் கம்பியை இட்டு முடித்தபோது, அதுகாறும் கப்பல் கொணரும் கடிதங்களையே நம்பியிருந்த வர்த்தகர்கள், தூரதேசத்துச் சரக்கு விலையை விரைவில் அறியும் பாக்கியம் பெற்றனராயினும், சொற்கணக்கில் வசூலிக்கப்பட்ட கட்டணத்துக்கு அஞ்சி, நீண்ட வாக்கியத்தை ஒரே பதத்தில் அடக்கும் சங்கேத அகராதிகளைச் சரணடைந்தனர். சிக்கனம் தனக்கென ஒரு பாஷையையே சிருஷ்டித்துக்கொண்ட விந்தை இது!

அதே இரு நகரங்களுக்கிடையே 2002-இல் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழை வடம் இடப்பட்டது. இந்தியாவின் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பில் விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் நிறுவனத்துக்கிருந்த ஏகபோகமும் அவ்வாண்டே நீங்கிற்று.

இன்று ஃபைபர் இணைப்பை நாடும் வணிகர், மாத வாடகையையும் வேகத்தையும் ஒப்பிடுவதோடு, பழுது நேர்ந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் சீர்செய்வர் என்ற உடன்படிக்கையையும் ஆராய்கின்றனர். இவற்றுள் பின்னதே பிரதானம் என்பது என் அபிப்பிராயம்.