போர்க்கால நாட்குறிப்பும் பேராக் தமிழரும்

போர் ஓய்ந்த பின்னர் எழுதப்படும் சரித்திரம் ஒன்று. நாளை என்ன நேருமென்று அறியாத ஒருவன் அன்றிரவே விளக்கடியில் எழுதி வைக்கும் குறிப்பு வேறொன்று. முன்னதில் முடிவு தெரிந்தே கதை நடக்கும். பின்னதில் அச்சமும் வதந்தியும் அரிசி விலையும் அன்றிருந்தவாறே இருக்கும்.

இந்த இரண்டாம் வகைச் செல்வம் தமிழருக்குப் புதிதன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்ததும், 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும், அப்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும், கவர்னர் மாளிகைப் பேச்சோடும் ஊர்ச் சச்சரவோடும் கலந்து அதில் கிடக்கின்றன. ஆயினும் அவர் செல்வர். அதிகாரத்தின் வாசற்படியில் நின்றவர். அவருக்குச் சுமை தூக்கியவனுக்கென ஓர் ஏடு இல்லை.

இருநூறாண்டு கழித்து மலாய் நாட்டுக்குப் போர் வந்தபோதும் அந்நிலையே. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 11-இல் பினாங்கில் குண்டு விழுந்தது. சில நாட்களில் வெள்ளையரை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு ஆட்சி அகன்றது. ஆங்கிலக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றும் பொறுப்பு, பத்திரிகையாசிரியரான இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்துவின் தலையில் விழுந்தது. மாத இறுதியில் ஈப்போவும் வீழ்ந்தது. குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கருகே, சிம்பாங் பூலாய், கோப்பேங் வழியாகக் கம்பாருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பின்வாங்கிய படையும் துரத்திய படையும் போயின.

அந்நாட்களைச் சொல்ல ஈப்போ நகரத்தாருக்குச் சிபில் கார்த்திகேசு அம்மையார் இருக்கிறார். கணவராகிய டாக்டருடன் பாப்பானுக்குக் குடிபெயர்ந்து, கொரில்லாக்களுக்கு மருத்துவம் செய்து, மறைவில் வானொலி கேட்டு, 1943-இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டவர். 1948-இல் அவர் மாண்டார். அவருடைய நினைவுகள் 1954-இல் நூலாயின. அரிய நூல்தான். எனினும் அது பின்னர் நினைந்து சொன்னது, நாட்குறிப்பன்று.

தோட்டத்திலோ? அங்கும் நாள்தோறும் ஒருவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். விடியுமுன் பெரட்டுக்களத்தில் கிராணி பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பார். வந்தான், வரவில்லை; இத்தனை நாள், இத்தனை காசு. துரை ஓடிப்போன வாரத்தில் லயத்தில் என்ன பேசினார்கள், அரிசிக்கு எங்கே அலைந்தார்கள், கித்தாப் பாலை வாங்குவாரில்லாதபோது எதை நட்டு உண்டார்கள் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. கல்விக் குறைவென்று மட்டும் சொல்லித் தப்பிக்க வேண்டா. எழுதத் தெரிந்தவனுங்கூடத் தன் வாழ்வு எழுதத் தக்கதென்று எண்ணாதபடி பழக்கப்பட்டிருந்தான். கங்காணி முறை செய்த கொடுமைகளுள் இதனையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இது வெறும் ஏட்டுக் கவலையன்று. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம் ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் ஆயிரமாயிரமாகக் கொண்டுபோகப்பட்டனர். அதே பாதையில் கைதியாயிருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப் எழுதிக் காத்த நாட்குறிப்பு 1986-இல் அச்சேறிற்று. காஞ்சனாபுரி போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7000 கைதிகள் அடக்கமாகியுள்ளனர்; அவர்கள் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. உடன் மாண்ட நம்மவருக்கு முழுப் பெயர்ப்பட்டியல் இன்றுவரை இல்லை.