சர்வர்ல லினக்ஸ் ஜெயிச்ச கதை: நடுவுல ஒரு கோர்ட் கேஸ்

போன மாசம் எங்க டீம்ல ஒரு வாக்குவாதம். புது சர்வருக்கு எந்த ஓஎஸ் போடறது? நான் ஃப்ரீபிஎஸ்டின்னு சொன்னேன். இசட்எஃப்எஸ் அதோடவே வருது, நெட்வொர்க் வேலைக்கு நல்ல பேரு இருக்குன்னு பத்து நிமிஷம் பேசினேன். சீனியர் ஒருத்தர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துட்டா, உன்னை விட்டா இங்க யாருக்குப்பா அது தெரியும்?" என்கிட்ட பதில் இல்லை. லினக்ஸ்தான் போட்டோம்.

ஆனா ஏன் எல்லாருக்கும் லினக்ஸ் மட்டும் தெரியுது? தேடிப் போனா, அமெரிக்காவுல நடந்த ஒரு வழக்குல போய் நிக்குது.

1969-ல் ஏடி அண்ட் டி-யின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் பிறந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துல அதை எடுத்து மேல மேல வளர்த்தாங்க. அதுதான் பிஎஸ்டி. 1983-ல் வந்த 4.2பிஎஸ்டி-யில டிசிபி/ஐபி உள்ளேயே இருந்தது. ஒரே சிக்கல், ஏடி அண்ட் டி-யின் கோடும் அதுல கலந்திருந்ததால லைசென்ஸ் வேணும். அதனால அந்தக் கோடை ஒவ்வொரு ஃபைலா மாத்தி எழுதினாங்க. 1991-ல் நெட்/2 வெளியானப்போ கெர்னல்ல ஆறே ஆறு ஃபைல்தான் பாக்கி. அதை பில் ஜோலிட்ஸ் எழுதி முடிச்சார். 1992-ல் 386பிஎஸ்டி வந்தது. பிஎஸ்டிஐ-ங்கற கம்பெனி, சோர்ஸ் கோடோட 995 டாலருக்கு ஒரு பிஎஸ்டி-யை விற்க ஆரம்பிச்சது.

அதே 1992-ல் ஏடி அண்ட் டி-யின் யூனிக்ஸ் பிரிவு பிஎஸ்டிஐ மேல கேஸ் போட்டது. பல்கலைக்கழகத்தையும் உள்ள இழுத்தது. நாளைக்கே கோர்ட் தடை போடலாங்கற ஒரு சாஃப்ட்வேரை நம்பி யார் சர்வரை ஓட்டுவாங்க?

இதுக்கு நடுவுலதான் ஹெல்சிங்கியில ஒரு மாணவன் பொழுதுபோக்கா எழுதின கெர்னல் வளர்ந்துட்டு இருந்தது. 386பிஎஸ்டி முன்னாடியே கையில கிடைச்சிருந்தா லினக்ஸே வந்திருக்காதுங்கற அர்த்தத்துல லினஸ் டோர்வால்ட்ஸே 1993-ல் சொல்லியிருக்கார்.

1994 தொடக்கத்துல கேஸ் சமரசமா முடிஞ்சது. சுமார் 18,000 ஃபைல்ல நீக்கச் சொன்னது எத்தனை தெரியுமா? மூணு! மூணே மூணு! இன்னும் சிலதுல சின்னத் திருத்தங்கள், சில ஃபைல்ல காப்புரிமை வரி சேர்க்கணும். அவ்வளவுதான். ஆனா ஃப்ரீபிஎஸ்டி தன் அடித்தளத்தையே மாத்திக் கட்ட வேண்டி வந்தது. அந்த மார்ச்சிலேயே லினக்ஸ் 1.0 வந்தாச்சு.

கேஸ் மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். யார் பேட்ச் அனுப்பினாலும் பார்க்கற பழக்கம், ஜிபிஎல் லைசென்ஸ், மலிவான பிசி-யில ஓடினது எல்லாமே லினக்ஸுக்குக் கை கொடுத்தது. பிஎஸ்டி-யும் தோத்து ஓடிடலை. 2012-ல் வாட்ஸ்அப் ஒரே ஃப்ரீபிஎஸ்டி சர்வர்ல 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டுச்சு. நெட்ஃபிளிக்ஸ் வீடியோவை அனுப்பற சர்வர்களும் ஃப்ரீபிஎஸ்டிதான்.

சீனியர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனா "யாருக்குத் தெரியும்"ங்கறது தரத்தை வச்சு மட்டும் முடிவான விஷயம் இல்லை. ரெண்டு வருஷம் ஒரு பக்கம் ஆட்கள் தயங்கி நின்னாங்க, இன்னொரு பக்கம் ஆட்கள் சேர்ந்துட்டே போனாங்க.

இப்ப என் வீட்ல பழைய லேப்டாப்ல ஃப்ரீபிஎஸ்டி ஓடுது. டீம்ல ஒரு ஜூனியரும் சனிக்கிழமை கத்துக்க வர்றான். அடுத்த தடவை அந்தக் கேள்வி வந்தா, "ரெண்டு பேருக்குத் தெரியும் சார்"னு சொல்லுவேன்.