தார்ப்பைக் கொடுத்து வாங்கிய உரிமை

1997 ஆகஸ்டில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி, ஓட்டிஸ் தார்ப் என்ற ஆட்டக்காரரை வான்கூவர் கிரிஸ்லீஸ் அணிக்குக் கொடுத்தது. தார்ப்புக்கு அந்த மாதம்தான் 35 வயது நிறைந்தது. பதிலுக்கு டெட்ராய்ட்டுக்கு ஆள் யாரும் வரவில்லை. வான்கூவருக்குப் பின்னொரு காலத்தில் கிடைக்கப்போகும் முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்று வந்தது. அது எந்த வருடம் கைக்கு வரும், எத்தனையாவது இடத்தில் வரும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. நான் சொல்ல வருவது அந்த உரிமையின் வாழ்க்கைக் கதை. அது 17 ஆண்டுகள் நீண்டது.

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் புதிய ஆட்டக்காரர்களை ஏலம் எடுப்பதில்லை. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் டிராஃப்ட் நடக்கும். அணிகள் வரிசையாக வந்து ஆளுக்கு ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுக்கும். முந்தைய பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிக்கு முன்வரிசை. தோற்றவன் எழுந்து நிற்கட்டும் என்பதே நோக்கம். இந்த வரிசையில் தனக்குள்ள இடத்தை ஓர் அணி விற்கலாம், மாற்றலாம், ஏழு ஆண்டுகள் முன்கூட்டியேகூடக் கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுக்கும்போது "முதல் இத்தனை இடத்துக்குள் வந்தால் தரமாட்டேன், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று காப்பும் போட்டுக்கொள்ளலாம்.

வான்கூவரும் காப்புப் போட்டுக்கொண்டது. ஆண்டுக்காண்டு தள்ளிப்போட அதற்கு இடமிருந்தது. ஆனால் தவணை 2003 வரை போனால் காப்பு சுருங்கிவிடும். அந்த ஆண்டு முதலிடம் வந்தால் மட்டுமே உரிமை வான்கூவரிடம் தங்கும். இரண்டாம் இடமானாலும் டெட்ராய்ட்டுக்குப் போயாக வேண்டும். ஒப்பந்தம் போட்ட அன்று 2003 என்பது மிகத் தொலைவில் இருந்த ஒரு வருடம்.

தார்ப் சாதாரண ஆள் இல்லை. 1994இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கோப்பை வென்றபோது ஹகீம் ஒலாஜுவனுக்குத் தோள்கொடுத்தவர். 1992இல் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர். டெட்ராய்ட்டில் கடைசிப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 13 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆண்டு டெட்ராய்ட் 54 ஆட்டங்களில் வென்றது. ஆனால் பயிற்சியாளர் டக் காலின்ஸுக்கும் தார்ப்புக்கும் ஒத்துப்போகவில்லை. வான்கூவரோ 1995இல் பிறந்த அணி. இரண்டாம் பருவத்தில் 82 ஆட்டங்களில் 14இல் மட்டுமே வென்றிருந்தது. பொது மேலாளர் ஸ்டூ ஜாக்சனுக்கு, இளம் பையன்கள் நிறைந்த அந்த அணியில் ஒரு பெரிய மனிதர் வேண்டியிருந்தது. அந்தத் தேவை நியாயமானதுதான். அதற்குக் கொடுத்த விலையில்தான் தவறு இருந்தது. 35 வயதில் ஓர் ஆட்டக்காரரின் காலத்தை எண்ணிச் சொல்லிவிடலாம். அவருக்கு ஈடாகக் கொடுத்த பொருளுக்கோ உச்ச வரம்பே இல்லை.

தார்ப் வான்கூவரில் ஒரு பருவம்கூட முழுதாக ஆடவில்லை. 1998 பிப்ரவரியில் சாக்ரமென்டோவுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து வாஷிங்டன், பிறகு மயாமி, கடைசியாக ஷார்லட். 2001இல் ஆட்டத்தை விட்டே ஓய்ந்தார். அவருக்காகக் கொடுத்த உரிமை அப்போதும் டெட்ராய்ட்டின் கணக்கில் அப்படியே கிடந்தது.

அது அசையாமல் கிடந்ததற்குக் காரணம் வான்கூவரின் தோல்விகள். அணி தோற்கத் தோற்க வரிசையில் முன்னிடம் கிடைத்தது. முன்னிடம் காப்புக்குள் விழுந்தது. கடன் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. 1998இல் இரண்டாம் இடம், மைக் பிபி. 1999இல் மீண்டும் இரண்டாம் இடம். ஸ்டீவ் ஃபிரான்சிஸைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர் வான்கூவருக்கு வரமாட்டேன் என்று மறுத்து ஹூஸ்டனுக்குப் போனார். 2000இலும் இரண்டாம் இடம், ஸ்ட்ரோமைல் ஸ்விஃப்ட். அந்த ஆண்டில் அணி மைக்கேல் ஹெய்ஸ்லியின் கைக்கு மாறியது, ஜாக்சனும் விலகினார். 2001இல் அணியே வான்கூவரை விட்டுக் கிளம்பி மெம்பிஸுக்குக் குடிபெயர்ந்தது. கடன் வாங்கிய ஊரில் அணி இல்லை, கையெழுத்துப் போட்டவர் பதவியில் இல்லை, வாங்கிய ஆட்டக்காரர் ஆடுகளத்தில் இல்லை. மெம்பிஸ் ரசிகர்கள் தார்ப் தங்கள் சட்டையை அணிந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் கடன் அவர்கள் தலையில் இறங்கியது.

இதே காலத்தில் இன்னும் இரண்டு பேர் வளர்ந்துகொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் போட்ட அந்த ஆகஸ்டில் இருவருக்கும் வயது 12. ஒருவன் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்துச் சிறுவன். மற்றவன் செர்பியாவின் நோவி சாத் நகரத்துச் சிறுவன். 1999இல் நேட்டோ விமானங்கள் குண்டு வீசியபோது நோவி சாத்தில் டானூப் ஆற்றின் மேலிருந்த மூன்று பாலங்களும் நொறுங்கி விழுந்தன. அந்தப் பையன் அந்தக் காலத்தின் பிள்ளை. ஏழடி உயரம் வளர்ந்து, ஹெமோஃபார்ம் என்ற அணியில் பதின்பருவத்திலேயே பெரியவர்களோடு ஆடத் தொடங்கினான். அவன் பெயர் டார்கோ மிலிசிச். ஆக்ரன் சிறுவன் லெப்ரான் ஜேம்ஸ்.

2003 வந்தது. அந்த ஆண்டு டிராஃப்டில் லெப்ரான் இருந்தார். பள்ளி ஆட்டக்காரராக இருந்தபோதே அவருடைய ஆட்டங்கள் தேசியத் தொலைக்காட்சியில் வந்தன. மெம்பிஸ் அந்தப் பருவத்தில் 28 வெற்றிகளோடு ஆறாவது மோசமான அணியாக முடித்திருந்தது. முதல் இடங்களை முடிவுசெய்ய எண் பொறித்த 14 பந்துகளை இயந்திரத்தில் சுழற்றி நான்கை எடுப்பார்கள். ஆயிரம் சேர்க்கைகளில் மெம்பிஸுக்கு உரியவை அறுபத்துச் சொச்சம். முதலிடம் வந்தால் லெப்ரான். வேறு எந்த இடம் வந்தாலும் ஒன்றுமில்லை. 1997இல் எழுதிய ஒரு வரிதான் இப்படி ஒரு நிலையை உண்டாக்கியது.

மே 22 அன்று நியூஜெர்சியின் சிகாக்கஸில் உறைகள் திறக்கப்பட்டன. மெம்பிஸ் சார்பில் மேடையில் இருந்தவர் ஜெர்ரி வெஸ்ட். லீகின் சின்னத்தில் இருக்கும் உருவமே அவரைப் பார்த்து வரைந்ததுதான். லேக்கர்ஸ் அணியைப் பல முறை கோப்பைக்கு ஆயத்தப்படுத்திய நிர்வாகி, முந்தைய ஆண்டுதான் மெம்பிஸுக்கு வந்திருந்தார். கடைசி இடத்திலிருந்து மேல்நோக்கி உறைகளைப் பிரிப்பது வழக்கம். ஆறாம் இடத்தில் மெம்பிஸ் பெயர் வந்திருக்க வேண்டும். வந்தது கிளிப்பர்ஸ். அப்படியென்றால் மெம்பிஸ் மேலே தாவியிருக்கிறது. ஐந்தாவது மயாமி, நான்காவது டொரான்டோ, மூன்றாவது டென்வர். மிச்சம் இரண்டே உறைகள், கிளீவ்லாந்து ஒன்று, மெம்பிஸ் ஒன்று. அடுத்த உறையில் மெம்பிஸின் சின்னம் வந்தால், லெப்ரானும் போய்விடுவார், இரண்டாம் இடமும் போய்விடும்.

மெம்பிஸின் சின்னம்தான் வந்தது. வெஸ்ட் போட்ட ஒப்பந்தம் அல்ல அது. அந்த முகத்தைப் பார்த்தவர்களால் எளிதில் மறக்க முடியாது.

இப்படி, 50 ஆட்டங்களில் வென்று கிழக்குப் பிரிவின் இறுதிச்சுற்று வரை போன டெட்ராய்ட்டின் கையில் உலகமே ஏங்கும் இரண்டாம் இடம் விழுந்தது. அந்த உரிமையைச் செலவழிக்கும் பொறுப்பு ஜோ டூமார்ஸுக்கு. பிஸ்டன்ஸின் தலைவராவதற்கு முன் அதே அணியில் 14 ஆண்டுகள் ஆடியவர் அவர். தார்ப்பும் அவரும் ஒரே சட்டை அணிந்து இரண்டு பருவம் சேர்ந்து ஆடியவர்கள். பேரம் பேசுவதில் டூமார்ஸ் கெட்டிக்காரர். கிராண்ட் ஹில் அணியை விட்டுப் போனபோது பதிலுக்கு, பெரிதாக யாரும் பேசாத பென் வாலஸை வாங்கி அவரைத் தடுப்பாட்டத்தின் தூணாக்கினார். ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ் என்ற, தன்னை நிரூபித்த ஆட்டக்காரரைக் கொடுத்து இளம் ரிச்சர்ட் ஹாமில்டனைக் கொண்டுவந்தார். இரண்டுமே பலித்தன.

2003 ஜூன் 26. லெப்ரான் முதலில் போனார். அடுத்து டெட்ராய்ட். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தை அந்த ஆண்டு தேசியச் சாம்பியனாக்கிய கார்மெலோ அந்தோணி காத்திருந்தார். டெட்ராய்ட் மிலிசிச்சின் பெயரைச் சொன்னது. அவருக்கு 18 வயது நிறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவருக்குப் பின் மூன்று, நான்கு, ஐந்தாம் இடங்களில் வரிசையாக அந்தோணி, கிறிஸ் பாஷ், டுவெய்ன் வேட். மூவரும் இன்று கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள்.

இந்தத் தேர்வைப் பைத்தியக்காரத்தனம் என்று எழுதுவது இப்போது எளிது. அப்படி எழுத எனக்கு மனமில்லை. அந்தோணி ஆடும் இடத்தில் டெட்ராய்ட்டுக்கு ஏற்கெனவே டேஷான் பிரின்ஸ் இருந்தார். டர்க் நொவிட்ஸ்கியும் பாவ் கசோலும் ஜொலித்த காலம் அது. ஐரோப்பாவிலிருந்து வரும் உயரமான, கைத்திறன் உள்ள பையன்களை எல்லா அணிகளும் தேடிக்கொண்டிருந்தன. டெட்ராய்ட்டின் பிழை ஆளைத் தேர்ந்ததில் இல்லை என்றே நினைக்கிறேன். ஆட்ட நேரமே இல்லாத இடத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பையனைக் கொண்டுவந்து உட்காரவைத்ததுதான் பிழை. புதிய பயிற்சியாளர் லாரி பிரவுன் கோப்பையைக் குறிவைத்தவர், கற்றுக்குட்டிகளுக்குப் பொறுமை காட்டுபவர் அல்ல. முதல் பருவத்தில் மிலிசிச் 34 ஆட்டங்களில் இறங்கினார், ஆட்டத்துக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக. வெற்றி உறுதியான பிறகு கடைசி நிமிடங்களில் ரசிகர்கள் அவர் பெயரைக் கூவி அழைத்தார்கள். அது வேடிக்கை என்று அவர்களுக்குத் தோன்றியது. மொழியும் ஊரும் புதிதான ஒரு பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

ஒரு தேர்வுரிமை காகிதத்தில் இருக்கும் வரை அதற்கு வலி கிடையாது. அதை எத்தனை கை மாற்றினாலும் யாருக்கும் நோகாது. மேடையில் பெயர் அழைக்கப்படும் நொடியில் அது ஒரு மனிதனாகிவிடுகிறது. அதுவரை அந்தக் காகிதத்தில் சேர்ந்த ஆசைகளும் கணக்குகளும் மொத்தமாக அவன் தோளில் ஏறுகின்றன. ஆறு ஆண்டுக் காத்திருப்பு, மெம்பிஸின் இழப்பு, லெப்ரானுக்கு அடுத்த இடம் என்ற அளவுகோல். இவற்றில் எதையும் மிலிசிச் கேட்டு வாங்கவில்லை.

2004இல் டெட்ராய்ட் கோப்பை வென்றது. ஷகில் ஓ'நீலும் கோபி பிரையன்டும் இருந்த லேக்கர்ஸை ஐந்தே ஆட்டங்களில் வீழ்த்தியது. மிலிசிச்சின் விரலிலும் ஒரு சாம்பியன் மோதிரம் ஏறியது. அந்தக் கோப்பையை வென்று தந்தவர்கள் பென் வாலஸ், அதே பெயர்கொண்ட இன்னொரு வாலஸ், சான்சி பில்லப்ஸ், ஹாமில்டன், பிரின்ஸ். தார்ப்பைக் கொடுத்து வாங்கிய உரிமைக்கு அதில் பங்கு மிகச் சிறிது. மெம்பிஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லாம் இழந்ததாக நினைத்த அந்த அணி அடுத்த பருவத்திலேயே 50 ஆட்டங்களில் வென்று முதல் முறையாக பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. அதை நடத்தியவர், முன்பு தன்னை நிரூபித்த ஓர் ஆட்டக்காரரைக் கொடுத்து அவர்கள் வாங்கிய இளைஞர். 2001 டிராஃப்ட் இரவில் ஷரீஃப் அப்துர்-ரஹீமை அட்லாண்டாவுக்கு அனுப்பி, மூன்றாம் இடத்தில் தேர்வான பாவ் கசோலைப் பெற்றிருந்தார்கள்.

2006 பிப்ரவரியில் டெட்ராய்ட் மிலிசிச்சை ஆர்லாண்டோவுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவற்றில் முக்கியமானது மீண்டும் ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமை! மனிதனாகியிருந்த உரிமை திரும்பவும் காகிதமானது. 2007இல் அது 15ஆம் இடத்தில் விழுந்து ரோட்னி ஸ்டக்கி என்ற ஆட்டக்காரரானது. 2008 நவம்பரில் பில்லப்ஸை டென்வருக்குக் கொடுத்து ஆலன் ஐவர்சனை வாங்கியபோது, ஸ்டக்கிக்கு வழிவிடுவதும் ஒரு காரணமாக இருந்தது. பில்லப்ஸோடு டென்வர் மேற்குப் பிரிவின் இறுதிச்சுற்று வரை போனது. டெட்ராய்ட் முதல் சுற்றிலேயே ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறியது. எதிரணி கிளீவ்லாந்து, அதன் தலைவன் லெப்ரான்.

மிலிசிச் 2007இல் மெம்பிஸுக்கே ஆடப் போனார். தன் பெயரில் முடிந்த அந்த உரிமையை ஒருகாலத்தில் இழந்த அதே அணிக்கு! பிறகு நியூயார்க், மினசோட்டா, பாஸ்டன். 2012இல் என்பிஏவை விட்டுச் செர்பியாவுக்குத் திரும்பினார். அங்கே பழத்தோட்டம் வைத்து ஆப்பிள் பயிரிடுகிறார். ஸ்டக்கி ஏழு பருவங்கள் டெட்ராய்ட்டில் ஆடிவிட்டு, 2014 கோடையில் ஒப்பந்தம் முடிந்து இந்தியானா அணியில் சேர்ந்தார். பதிலுக்கு டெட்ராய்ட்டுக்கு எதுவும் வரவில்லை. 1997இல் ஓட்டிஸ் தார்ப்பைக் கொடுத்துத் தொடங்கிய கணக்கு அத்தோடு முடிந்தது.