செக்ரோலில் இல்லாத பெயர்

"மலாய்க்காரன் சோம்பேறி. அதான் வெள்ளைக்காரன் நம்ம ஆளுங்களக் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தான்."

பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில் என் ஆயா இதைச் சொல்லாத வாரம் இல்லை. அவர் கலிடோனியா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய மாமனார் அதே மண்ணில் கரும்பு வெட்டியவர். இதைச் சொல்லும்போது ஆயாவின் குரலில் கொஞ்சம் பெருமை தெரியும். அடுத்த மூச்சிலேயே, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலுக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவந்த மலாய்க்காரப் பாக்சிக்கின் (மாமாவின்) கதைக்குப் போய்விடுவார். என்ன மீன், என்ன விலை, சம்பளம் வரும்வரை எப்படிக் கடன் சொன்னோம் என்று எல்லாம் வரும். இரண்டு கதைகளையும் பல நூறு முறை கேட்டிருக்கிறேன். சேர்த்து யோசித்ததில்லை.

பிறகு ஆய்வு என்று இறங்கியபோது நான் எடுத்துக்கொண்ட தலைப்பு வேறு: மேற்கின் ஆதிக்கத்தைப் பினாங்கு வட்டாரத்து முஸ்லிம் சிந்தனையாளர்கள் எப்படி விமர்சித்தார்கள்? மிஷனரிகள், பள்ளிக்கூடம், சட்டம், உடை, சினிமா என ஐந்து அட்டைகள் எழுதி வைத்துக்கொண்டு தேடினேன். ஐந்துக்கும் குறிப்புகள் சேர்ந்தன. ஆனால் அட்டை போடாத ஒரு சொல் எல்லாப் பக்கங்களிலும் தலைகாட்டியது. அது ஆயாவின் சொல். ஆறாவது அட்டையில் 'சோம்பேறி' என்று எழுதினேன். அதன்பின் மற்ற ஐந்தும் மேசையின் ஓரத்துக்குப் போய்விட்டன.

குற்றம் சாட்டியவர்களிடமிருந்து தொடங்குவதுதான் முறை. நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், 1906இல் எழுதி முடித்த 'பிரிட்டிஷ் மலாயா' நூலில், வேலை செய்ய விருப்பமில்லாமையே எல்லாத் தர மலாய்க்காரருக்கும் பொதுவான முதல் குணம் என்கிறார். முப்பது ஆண்டுக்கும் மேல் இங்கே உத்தியோகம் பார்த்தவரின் வாக்கு. அது சாட்சியமாகவே செல்லுபடியானது.

ஆனால் அதே ஆட்சியின் பழைய தாள் ஒன்று வேறு மாதிரி பேசுகிறது. செபராங் பிறை என்று இன்று நாம் சொல்லும் வெல்லஸ்லி மாநிலத்தை நிர்வகித்த ஜேம்ஸ் லோ, 1836இல் பினாங்கின் மண்ணையும் வேளாண்மையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் மலாய் விவசாயிகளின் நெல் வயல்கள் ஓர்லோங் கணக்கில் வருகின்றன. ஓர்லோங் என்பது ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். அந்த வயல்களில் பலவற்றைத் திருத்தியவர்கள், 1821இல் சயாம் படை கெடாவுக்குள் நுழைந்தபோது உயிர் பிழைக்க ஓடிவந்த குடும்பங்கள். கையில் ஒன்றுமில்லாமல் வந்து, சதுப்பையும் காட்டையும் வெட்டி வயலாக்கியவர்களுக்குச் சோம்பேறிப் பட்டம் எப்படி ஒட்டியது?

தடயம் கரும்பில் இருந்தது. 1840களில் ஐரோப்பியத் துரைமார் செபராங் பிறையில் பெரிய அளவில் கரும்பு போட வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது நெல் விளைவிக்கத் தெரிந்த ஆள் அல்ல. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு வந்து நின்று, செக்ரோல் என்னும் பேரேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிட்டால் குரல் கொடுத்து, ஒப்பந்தம் முடியும்வரை நகராத ஆள். சொந்த வயலும் தோணியும் உள்ளவன் அந்த வேலைக்கு ஏன் போவான்? போகவில்லை. மெட்ராஸ் மாகாணத்தில் நிலமில்லாமல் கடனில் இருந்த என் ஆயாவின் மாமனாரைப் போன்றவர்கள் போனார்கள். வேலையை விட்டு ஓடினால் அது சிவில் தகராறு இல்லை, கிரிமினல் குற்றம். பிடித்துச் சிறையில் போடலாம். இந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல்தான் ஒழிந்தது. அதற்குள் கலிடோனியாவைப் போன்ற தோட்டங்கள் கரும்பிலிருந்து ரப்பருக்கு மாறத் தொடங்கியிருந்தன.

வராதவன் சோம்பேறி, வந்தவன் பணிவானவன். தோட்டத்துத் துரைமாரின் அகராதி அவ்வளவுதான்.

இதுவரை வெள்ளைக்காரர் தாள்கள். முஸ்லிம் தரப்பு என்ன சொன்னது என்று பார்க்க, மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவிக்குள் போக வேண்டியிருந்தது. எனக்கோ அரபு எழுத்து ஒன்றும் தெரியாது. ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அறிமுகமான ஒரு பெரியவர் உதவினார். நாகூர் வழி வந்தவர். அவருடைய தாயார் அரபுத்தமிழில் ஓதிய புத்தகங்களை இன்னும் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

"அரபுல ப கிடையாது, ங கிடையாது தம்பி. நம்ம ஆளுங்க இருக்கிற எழுத்து மேல கூட நாலு புள்ளி வச்சுத் தமிழ எழுதிட்டாங்க. மலாய்க்காரங்க அதே மாதிரி வச்சு மலாய எழுதிட்டாங்க. ரெண்டும் அக்கா தங்கச்சிதான்."

"பாய், சோம்பேறின்னு மலாய்ல சொல்ற 'மாலாஸ்' எப்படி இருக்கும்?"

சிரித்துவிட்டு ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். மீம், அலிஃப், லாம், சீன். வலமிருந்து இடமாக நான்கே எழுத்து. அந்தத் துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் பக்கங்களைக் கண்ணால் துழாவப் பழகினேன்.

முதலில் தேடியது 'அல் இமாம்'. சிங்கப்பூரில் 1906 ஜூலை 23 அன்று தொடங்கிய இதழ். கெய்ரோவில் ரஷீத் ரிதா நடத்திய 'அல் மனார்' அதற்கு முன்மாதிரி. அல் அஸ்ஹரில் படித்த ஷேக் தாஹிர் ஜலாலுத்தீனும், சையத் ஷேக் அல் ஹாதியும் அதன் தூண்கள். சுவெட்டன்ஹாமின் நூலுக்குச் சரியான பதிலடி அங்கே இருக்கும் என்று ஆவலோடு போனேன். மலாய் தேசியத்தின் தோற்றம் பற்றி 1967இல் எழுதிய வில்லியம் ரோஃப், 'அல் இமாம்' தன் சமூகத்தின் மீது அடுக்கிய குறைகளைத் தொகுத்துத் தருகிறார். பின்தங்கிய நிலை, அந்நியருக்கு அடங்கிக் கிடப்பது, மெத்தனம், உட்பூசல், ஒன்றுகூடிச் செயல்பட முடியாமை. பட்டியலின் நடுவில் சோம்பலும் இருக்கிறது.

குற்றவாளிக் கூண்டில் நிற்பவரே ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டது போல இருந்தது எனக்கு.

இரண்டு நாள் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் வித்தியாசம் பிடிபட்டது. சுவெட்டன்ஹாமுக்குச் சோம்பல் இனத்தின் குணம். 'அல் இமாம்' கூட்டத்துக்கோ அது பிடித்த நோய். மார்க்கத்தின் கட்டளையை மறந்ததாலும் அறிவைத் தேடாததாலும் வந்தது, ஆகவே தீரக்கூடியது. அல் ஹாதி பினாங்குக்கு வந்து அல் மஷ்ஹூர் மதரசாவில் தலைமை ஏற்றார். 1926இல் 'அல் இக்வான்' மாத இதழ், 1927இல் ஜெலுத்தோங் அச்சகம், 1928இல் 'சவுதாரா' செய்தித்தாள் என்று அடுத்தடுத்து நிறுவினார். அவருடைய சீர்திருத்தக் கூட்டத்துக்குக் 'கௌம் மூடா', இளைய அணி, என்று பெயர். பெண்கல்வி வேண்டும், நவீன அறிவு வேண்டும், மேற்கை அப்படியே நகலெடுக்கவும் கூடாது என்பது நிலைப்பாடு. அச்சகத்துக்கு முதல் திரட்டித் தந்தது எகிப்தைக் களமாக வைத்து அவர் எழுதிய 'ஃபரீதா ஹனூம்' காதல் நாவல்! பழைய அணி ஆலிம்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை.

பின்தங்கிய நிலையிலிருந்து மீள வேண்டும் என்ற இந்த ஏக்கம் பினாங்குக்கு மட்டும் உரியதாகவும் இல்லை. போர்னியோவின் சம்பாஸிலிருந்து முகம்மது பஸ்யூனி இம்ரான் என்ற ஆலிம் 'அல் மனா'ருக்கு ஒரு கடிதம் எழுதினார். முஸ்லிம்கள் ஏன் பின்தங்கினார்கள், மற்றவர்கள் ஏன் முன்னேறினார்கள் என்று கேட்டிருந்தார். அதற்கு லெபனானைச் சேர்ந்த ஷகீப் அர்சலான் 1930இல் தந்த நீண்ட பதில் நூலாகி, உலகமெங்கும் முஸ்லிம்கள் படித்தார்கள். கேள்வி புறப்பட்டது மலாய் உலகத்தின் ஒரு மூலையிலிருந்து. அந்தக் கேள்விக்குள்ளும் 'பின்தங்கியவர்கள்' என்ற தீர்ப்பு முன்கூட்டியே உட்கார்ந்திருந்தது.

தீர்ப்பு எழுதியவர் யார் என்று கேட்க இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1928இல் போகோரில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமில் மாணவராக இருந்தபோதே 'புரோகிரஸிவ் இஸ்லாம்' என்ற இதழை நடத்தியவர். 1969இல் பினாங்கு ஆட்சியைப் பிடித்த கெராக்கான் கட்சியை அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கியவர்களில் முக்கியமானவர். 1976இல் இஸ்லாமும் சோசலிசமும் பற்றி அவர் எழுதிய சிறு நூல் பினாங்கில்தான் வெளியானது. அடுத்த ஆண்டு லண்டனில் வந்தது 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை'. எட்வர்ட் சையதின் 'ஓரியண்டலிசம்' அதற்கு ஓராண்டு பிந்தியது.

இந்த நூலில் அலாத்தாஸ் செய்வது ஒரு குறுக்கு விசாரணை. மலாய்க்காரர், ஜாவாக்காரர், பிலிப்பினோ மூவரையும் பற்றி மூன்று வெவ்வேறு காலனி ஆட்சிகள் ஒரே புகாரைச் சொல்லியிருப்பதை அடுக்கிக் காட்டுகிறார். வயலில், கடலில், வீட்டில் நடந்த உழைப்பு எதுவும் அந்தக் கணக்கில் ஏறவில்லை. காலனி முதலாளிக்கு லாபம் தரும் உழைப்பு மட்டுமே உழைப்பு. அதைவிடக் கூர்மையான பகுதி, விடுதலைக்குப் பிறகு வந்தவர்களைப் பற்றியது. அம்னோ கட்சி 1971இல் வெளியிட்ட 'ரெவலூசி மெந்தால்' தொகுப்பு வெள்ளைக்காரனின் பழைய புகாரையே மலாயில் திருப்பிச் சொல்வதாகக் காட்டுகிறார். மேற்கின் சிந்தனையைக் கேள்வி கேட்காமல் ஓதும் மனத்துக்கு அவர் வைத்த பெயர் 'சிறைப்பட்ட மனம்'.

அந்தப் பக்கத்தில் எனக்கு நிபோங் திபால் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. அலாத்தாஸ் தன் சமூகத்தை நோக்கிச் சொன்னது என் ஆயாவுக்கும் பொருந்தியது. துரையின் வாக்கியம் கணக்கெழுதும் கிராணி வழியாகவோ வேலை வாங்கும் மண்டோர் வழியாகவோ லயத்துக்குள் வந்து, நம் பெருமையாக உருமாறியிருந்தது. பக்கத்து மலாய்க் கம்போங்கைப் பற்றி நமக்கு இருந்த அபிப்பிராயம்கூட இரவல்.

விசாரணையின் கடைசிச் சாட்சி ஒரு தமிழர். தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ்.எம். முகம்மது இத்ரிஸ், 2019இல் இறக்கும்வரை பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். அவரை நூலக அட்டவணையில் மதம் என்ற தலைப்பில் தேடினால் கிடைக்கமாட்டார். பால் மாவு, பூச்சிமருந்து, சுவைநீர், மீன்வளம் என்ற தலைப்புகளில் கிடைப்பார். மேற்கின் வாழ்க்கைமுறையே வளர்ச்சி என்ற நம்பிக்கையை அவர் சமையலறையிலும் சந்தையிலும் வைத்து எதிர்த்தார். 1984இல் பினாங்கில் 'மூன்றாம் உலக வலையமைப்பு' உருவாகக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். பல்கலைக்கழகங்களைக் காலனி மனத்திலிருந்து விடுவிப்பது பற்றி 2011இல் பினாங்கில் நடந்த மாநாட்டின் பின்னாலும் அவர் இருந்தார்.

சங்கத்தின் தாள்களைப் புரட்டிய கையோடு ஊருக்குப் போனேன். நிபோங் திபாலை அடுத்த சுங்கை செனாமில் பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தின் அலையாத்திக் காட்டு மையம் இருக்கிறது. இழுவைப் படகுகளாலும் இறால் குட்டைகளாலும் மீன் குறைந்ததைக் கண்ட மீனவர்கள், யாரும் கூலி கொடுக்காமலே கரையில் கன்றுகளை நட்டார்கள். நீர் வற்றும் நேரம் பார்த்து முழங்கால் சேற்றில் இறங்கிச் செய்யும் வேலை அது. கடிகாரம் பார்த்துப் பேர் கூப்பிட்டால், அவர்களில் பாதிப்பேர் ஆப்சென்ட்.

வீட்டுக்கு வந்து ஆறாவது அட்டையை எடுத்தபோதுதான் ஆயாவின் இரண்டாவது கதை அதன் முழு உருவத்தில் ஞாபகம் வந்தது. மீன் விலையைச் சொல்லி முடித்தபின் கடைசியாக ஒன்று சொல்வார், எப்போதும் ஒரே மாதிரி: "பெரட்டுக்கு மணி அடிக்கறதுக்கு முன்னாலயே அந்தப் பாக்சிக்கோட சைக்கிள் மணி கேட்டுடும். அந்த மணிக்குத்தான் நான் எந்திரிப்பேன்."

அட்டையின் பின்பக்கத்தில் அதை அப்படியே எழுதிவைத்தேன்.